பதினேழாம் அறையின் பாத்திரக் கணக்கு

தோட்டப்பாளையத்தில்
அப்பா மேனேஜராக இருந்த லாட்ஜில்
அறையோடு பாத்திரமும் வாடகைக்குக் கொடுப்போம்.
பம்ப் ஸ்டவ் ஒன்று, குண்டான் இரண்டு,
தோசைக்கல் ஒன்று (வந்தவர்கள் அதில் மீன் பொரித்தார்கள்),
தட்டு நான்கு, டம்ளர் ஆறு.
எல்லாவற்றின் அடியிலும்
அறை நம்பரை ஆணியால் குத்தியிருக்கும்.
காலி செய்யும்போது எண்ணி வாங்குவது என் வேலை.
ஒன்பது வயது எனக்கு.
கணக்கில் நூற்றுக்கு நூறு.

டோட்டன் வந்தது மாசி மாதம்.
கல்கத்தாவுக்கும் அந்தப் பக்கம் ஏதோ ஊர்,
ரயிலில் இரண்டு ராத்திரி.
லெட்ஜரில் சௌமியதீப் என்று எழுதியிருந்தது.
அது யாரென்று எனக்குத் தெரியாது.
மொட்டைமாடியில் பாண்டிக் கட்டம் கிழித்து
ஏக், துய், தின் என்று
அவன் பாஷையில் நொண்டினோம்.
கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டுமாம்,
டம்ளரோடுதான் மேலே வருவான்.
மூன்று கட்டம் தாண்டினால் உட்கார்ந்துவிடுவான்.
உட்கார்ந்தபடியே
என் கால் கோட்டில் பட்டதா என்று பார்ப்பான்.

தலையில் ஒரு முடி இல்லை.
திருப்பதி போய் வந்தியா என்றேன்.
தலையாட்டினான்.
எது கேட்டாலும் தலையாட்டுகிறவன்தான்.

தமிழில் அவனுக்கு நான் கொடுத்தது
ஒரே ஒரு சொல்: போங்கு.
கோட்டை மிதித்தால் போங்கு.
சில்லை நகர்த்தினால் போங்கு.
ஒரு ஊசிதான் என்று சொல்லி
இரண்டு போட்ட நர்ஸக்காவிடமும்
போங்கு என்றானாம்.
அவன் அம்மா மாடிப்படியில் நின்று
அதை நடித்துக் காட்டினாள்,
ஊசியைக்கூட.
அவளுக்கும் தமிழில் அந்தச் சொல்தான்.

பங்குனி முடிந்து
ஆறு நாள் அந்த அறை பூட்டியிருந்தது.
ஏழாம் நாள் மத்தியானம்
அவர்கள் இரண்டு பேர் மட்டும் வந்தார்கள்.
பாலாற்றுக்குப் போய்விட்டு வருகிறார்கள் என்று
ரூம்பாய் ஏசுபாதம் அப்பாவிடம் சொன்னான்.
அவன் அப்பாவின் தலை ஈரமாக இருந்தது.
பாலாற்றில் தண்ணீர் ஏது என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
காட்பாடி ஸ்டேஷனில்
டோட்டன் மூட்டைகளுக்குக் காவல் உட்கார்ந்திருப்பான் என்று
யாரும் சொல்லாமலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

எண்ணினேன்.
ஸ்டவ் சரி. குண்டான் சரி.
டம்ளர் ஐந்து.
கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்,
குளியலறையில், ஜன்னல் மேடையில்,
மாடிக்கு ஓடிப்போய்
வெயிலில் வெளுத்த கட்டங்களில்.
கீழே வந்தபோது ஆட்டோ கிளம்பிக்கொண்டிருந்தது.
குறுக்கே போய் நின்றேன்.
அவள் மடியில் துணிப்பை,
பையில் சுருட்டின சின்னச் சட்டை,
சட்டைக்குள் எவர்சில்வர் விளிம்பு.

போங்கு, என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.
போங்கு, என்றாள் திருப்பி,
உச்சரிப்பு சரிதானா என்று கேட்பதுபோல்.
இன்னொரு முறை சொன்னாள்.
பிறகு ஆட்டோக் கம்பியில் நெற்றியை வைத்து
சொல்லிக்கொண்டே இருந்தாள்.
எதிர் மெடிக்கல் ஷாப்பில்
பில் போடுகிறவர் எழுந்து நின்றுவிட்டார்.

அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கினார்.
அடிக்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
அட்வான்ஸ் முழுவதையும்
அவன் அப்பாவின் சட்டைப்பையில் வைத்தார்.
ஆட்டோ போன பிறகு
நோட்டை எடுத்து என் முன்னால் போட்டு
'டம்ளர் ஆறுன்னு எழுது' என்றார்.
ஐந்துதான் கீது, என்றேன்.
'ஆறுன்னு எழுது பாப்பா.'
எழுதினேன்.
பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்தி.

ராத்திரி சோற்றின் முன்னால் உட்கார்ந்து
அம்மாவிடம் கேட்டேன்:
அப்போ அவன்
திருப்பதிக்குப் போகவே இல்லையா?

அம்மா
கேட்காமலேயே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.
தட்டு நிறைந்து
ஓரத்தில் வழிந்தது.